முதல் பக்கத்துக்கு ஒரு நகைக் கடன்

மார்ச் மாதக் கடைசியில் எந்த பேங்க் ஆபீசரிடமும் போய் நியாயம் தர்மம் பேசாதீர்கள். வருஷக் கணக்கு முடிகிற நேரம். டார்கெட் கழுத்தை நெரிக்கும். அந்தச் சமயத்தில் ஒருவர் தானாகவே வந்து நகைப் பையை மேஜையில் வைத்து "லோன் வேணும்" என்றால், குலதெய்வமே நேரில் வந்த மாதிரி இருக்கும் :-)

2025 மார்ச்சில் எனக்கு அப்படி ஒரு தெய்வம் வந்தது. நான் திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் மேனேஜர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஏன் அனுப்பினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூகுளாண்டவர் சந்நிதியில் முன்வரிசையில் இடம் பிடிக்க நம்மவர்கள் நகையை அடகு வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

அகமதாபாத் மணிநகரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அதில் ஒரு அக்கா. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டுக்காரர் வேலைக்காக இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது. 2020 ஊரடங்கில் அவருடைய கம்பெனி இழுத்து மூடியது. அக்கா அடுப்பைப் பற்ற வைத்தார். கை முறுக்கு, தட்டை, அதிரசம், பருப்புப் பொடி. அச்சில் பிழிகிற முறுக்கு இல்லை, விரலால் திரித்துச் சுற்றுகிற அசல் கை முறுக்கு. ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று கனம் மாறாமல் அவர் சுற்றுவதைப் பார்த்தால் எங்கள் கேஷியர் நோட்டு எண்ணுகிற வேகம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

அவருடைய தம்பி மகன் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்திருந்தான். அதன் பின்னாலேயே ஒரு எஸ்.இ.ஓ. ஏஜென்சிக்காரர் வந்துவிட்டார்.

"எதுக்குக்கா இவ்வளவு பணம்?"

"முறுக்குன்னு தேடினா அந்தப் பெரிய கடைக்காரங்கதான் மொதல்ல வராங்க தம்பி. நான் எங்கயுமே இல்ல. மூணு மாசத்துல அவங்களுக்கு மேல கொண்டு வந்துடறேன்னு அந்தப் பையன் சொல்றான். எழுதிக்கூடத் தர்றானாம். ஒண்ணே கால் லட்சம் கேட்டான், பேசி ஒண்ணு இருபதுக்குக் கொண்டாந்தேன்."

"அந்தப் பெரிய கடை" என்பது நாடு முழுக்கப் பட்சணம் அனுப்புகிற ஒரு தளம். பல வருஷம் பழையது. நூற்றுக்கணக்கான அயிட்டங்கள், பெரிய விளம்பரம், பத்திரிகைகளில் கட்டுரை எல்லாம் உண்டு. அதை மூன்று மாதத்தில் முந்தப் போகிறாராம் நம் அக்கா. எழுதித் தருகிறாராம் அவர்.

எழுதித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்கு மூக்கில் வேர்க்கும். இருபது வருஷ சர்வீசில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். கூகுளில் முதல் இடத்தை யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. சாமியே கைவிரித்த பிறகு பூசாரி எப்படி வரம் தருவார்?

அக்காவை உட்கார வைத்து டீ சொல்லிவிட்டு, ஏஜென்சியின் கொட்டேஷனைக் கேட்டேன். கடன் விண்ணப்பத்தோடு வரும் எந்தக் கொட்டேஷனையும் வரி வரியாகப் படிப்பது எங்கள் பிழைப்பு. அதில் முக்கியமாக மூன்று வரிகள் இருந்தன. ஐந்நூறு பேக்லிங்க். மாதம் ஐம்பது கட்டுரை. நூறு ஐந்து நட்சத்திர ரிவ்யூ.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உங்கள் வீட்டிலும் யாராவது சின்னதாக ஒரு தொழில் ஆரம்பித்திருந்தால் இதே மூன்று வரிகள் உங்கள் வாசலுக்கும் வரும்.

ஐந்நூறு பேக்லிங்க்

கொஞ்சம் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முன்பெல்லாம் பேங்கில் கணக்கு ஆரம்பிக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாக் கையெழுத்துக்கும் ஒரே மதிப்பு கிடையாது. ஊர்ப் பெரிய டாக்டர் போட்டால் மேனேஜர் எழுந்து நின்று வாங்குவார். பேங்க் வாசலில் நின்றுகொண்டு பத்து ரூபாய்க்கு யாருக்கு வேண்டுமானாலும் போடுகிற ஆள் போட்டால், "இவனா?" என்று ஒரு பார்வை.

கூகுளின் அஸ்திவாரமே இதுதான். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களின் தகுதி என்ன என்று இரண்டையும் சேர்த்து எடை போட்டார்கள். அதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். இன்றைக்கு அதனோடு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அறிமுகக் கையெழுத்து என்ற யோசனை போகவில்லை.

எங்கே மதிப்பு இருக்கிறதோ அங்கே கள்ளச் சந்தையும் வரும். இணைப்பை விலைக்கு வாங்குகிற வியாபாரம் அப்படி வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அமெரிக்காவின் பெரிய கடையான ஜே.சி.பென்னி, உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று என்ன தேடினாலும் முதலில் வந்துகொண்டிருந்தது. பின்னணியில், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்பு நட்டு வைத்திருந்தார்கள். கூகுள் நடவடிக்கை எடுத்ததும் எங்கோ பின்னால் போய் விழுந்தது. கம்பெனி தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, வேலை கொடுத்திருந்த எஸ்.இ.ஓ. நிறுவனத்தை நீக்கியது. ஆனால் விழுந்தது கடையின் பெயர்தானே?

அதற்கு அடுத்த வருஷம், 2012 ஏப்ரலில், இப்படிப்பட்ட இணைப்புகளைக் குறிவைத்துப் பென்குயின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. 2016க்குப் பிறகு இன்னும் சுலபம். பெரும்பாலும் அந்த இணைப்புகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதாவது தண்டனை கிடைத்தால் கஷ்டம், கிடைக்காவிட்டால் காசு தண்டம்.

பி.காம். படித்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். கணக்கியலில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. வியாபாரத்தின் நற்பெயர். நீங்கள் பாடுபட்டுச் சம்பாதித்த நற்பெயரை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக் கூடாது. இன்னொருவரின் வியாபாரத்தை வாங்கும்போது காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைக் காட்டலாம். தேடுபொறியில் இது அப்படியே தலைகீழ். வாங்கியது செல்லாது, சம்பாதித்தது மட்டும் செல்லும். எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மாதம் ஐம்பது கட்டுரை

"யாருக்கா எழுதுவாங்க?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டரே எழுதிடுமாம் தம்பி" என்றார்.

'முறுக்கின் வரலாறு', 'முறுக்கு சாப்பிடுவதால் வரும் பத்து நன்மைகள்' என்று மாதிரிக்கு இரண்டு கொடுத்திருந்தார்கள். வாசித்தேன். முறுக்கையே பார்த்திராத ஒருவர் முறுக்கைப் பற்றிச் சொற்பொழிவு செய்த மாதிரி இருந்தது. எண்ணெயில் பொரித்ததில் பத்து நன்மையாம். என் டாக்டரிடம் காட்ட வேண்டும் :-)

ஆளுக்காக எழுதாமல் தேடுபொறிக்காக மட்டும் பக்கம் கட்டுவது புதிய தந்திரம் இல்லை. 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. பழைய கார் என்ற வார்த்தையைத் திணித்துத் தேடுபொறிக்கு ஒரு பக்கம், வருகிற ஆளுக்கு வேறு பக்கம் என்று காட்டியதற்காக. சரிசெய்தபின் சில நாட்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பி.எம்.டபிள்யூ.வுக்குச் சில நாள். மணிநகர் அக்காவுக்கு யார் அப்படி அவசரமாக வந்து கதவு திறப்பார்கள்?

2011இல் பாண்டா என்ற மாற்றம் சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2024 மார்ச்சில் இன்னும் வெளிப்படையாகவே விதி எழுதிவிட்டார்கள். மனிதன் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், தரவரிசையை ஏமாற்றுவதற்காகக் கொத்துக் கொத்தாகப் பக்கம் கொட்டினால் அது ஸ்பாம். ஏ.ஐ. உதவியோடு எழுதுவது குற்றமில்லை. சொல்ல விஷயமில்லாமல் ஐம்பது பக்கம் எழுதுவதுதான் குற்றம்.

நூறு ரிவ்யூ

இங்கே நான் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அக்காவைச் சமாதானப்படுத்தி அனுப்பிய மறுநாள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பினேன். கிளையில் உள்ள பதினோரு பேரையும் கூப்பிட்டு, "மணிநகரில் நம் அக்கா கடை, ஆளுக்கு ஒரு ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுங்கள்" என்றேன். மதிய சாப்பாட்டு நேரத்துக்குள் போட்டுவிட்டார்கள். 'சூப்பர் டேஸ்ட்', 'பெஸ்ட் இன் அகமதாபாத்'. அவர்களில் ஒருவர்கூட அக்காவின் முறுக்கைக் கடித்துப் பார்த்ததில்லை.

அதே வாரம் எங்கள் கவுன்டருக்கு ஒரு ரிடையர்டு பள்ளி ஆசிரியர் வந்தார். ஒரு கஸ்டமர் கேர் எண் வேண்டுமென்று கூகுளில் தேடியிருக்கிறார். முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் இருந்தவன் ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்லியிருக்கிறான். பென்ஷன் பணம் போய்விட்டது. "மொதல்ல வந்துச்சே சார், அது எப்படி ஃபிராடா இருக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் புகார் எழுதிக் கொடுத்தேன், 1930க்குப் போன் போட வைத்தேன். அவர் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

இந்த மாதிரி மோசடியை ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டிலேயே விளக்கியிருக்கிறது. 2025இல் வங்கிகள் எல்லாம் 'பேங்க் டாட் இன்' என்று முடிகிற முகவரிக்கு அக்டோபர் மாதத்துக்குள் மாற வேண்டும் என்று உத்தரவிட்டதும் போலித் தளங்களை அடையாளம் காட்டத்தான். முதலில் வருவது உண்மையாக இருக்கும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் பொய் ரிவ்யூ போடுகிறவர்கள் திருடுகிறார்கள். முறுக்குக்குத் திருடினாலும் திருட்டுதான்.

அன்று சாயங்காலமே பதினோரு பேரிடமும் கெஞ்சி எல்லாவற்றையும் எடுக்க வைத்தேன். என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்கள். தெரியாத ஆளுக்கு அறிமுகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இருபது வருஷம் பெருமை பேசியவன், தின்னாத முறுக்குக்குப் பதினோரு கையெழுத்து வாங்கியிருக்கிறேன். (இப்படிப்பட்ட போலி ரிவ்யூக்களைத் தடுக்க 2022 நவம்பரில் நம் நாட்டில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையே வந்திருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.)

சரி, ஜெயித்தால் என்ன ஆகும்?

இதையும் யோசிக்க வேண்டும். தர்மம் நியாயம் எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு வெறும் கணக்குப் போடுவோம்.

ஒரு ஆர்டரில் எல்லாச் செலவும் போக அக்காவுக்கு நிற்பது சுமார் 150 ரூபாய். செலவு 1,20,000. கடனுக்கு ஒன்பது சதவீதம் என்று வைத்தால் ஒரு வருஷ வட்டி 10,800. மொத்தம் 1,30,800. போட்ட காசு திரும்பவே 872 ஆர்டர் கூடுதலாக வர வேண்டும். அப்போது மாதம் ஐம்பது ஆர்டர் செய்துகொண்டிருந்தார். உயிரைக் கொடுத்தாலும் எண்பதுக்கு மேல் முடியாது. மாதம் முப்பது கூடுதல் என்றால் 872ஐ எட்ட இருபத்தொன்பது மாதம்.

"அக்கா, நாளைக்கே நீங்க மொதல் இடத்துக்கு வந்துட்டீங்கன்னு வச்சுக்கோங்க. டெல்லி, கல்கத்தான்னு ஒரு நாளைக்கு நூறு ஆர்டர் வருது. யார் சுத்துவா?"

அக்கா தன் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "ஆமா தம்பி. மெஷின் வாங்கணும். மெஷின் வாங்கினா அது கை முறுக்கு இல்லையே."

அங்கேதான் எனக்கு விளங்கியது. நாம் தப்பான வரிசையில் முதல் இடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்புறம் என்ன செய்தோம்

இதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நானும் அந்தத் தம்பி மகனும் செய்தவை இவை. நான் பொட்டி தட்டுகிற ஆள் இல்லை. என்னால் முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்.

1. கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். எந்த வார்த்தை தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனையாவது இடத்தில், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது சொல்லும். பார்த்தால் ஆச்சரியம். அக்கா தளம் முழுக்க 'முறுக்கு' என்று எழுதியிருந்தார். குஜராத்திகள் தேடுவது 'சக்ரி'. அவர்களுக்கு அந்தப் பட்சணத்தின் பெயரே அதுதான். இரண்டாவதாக, 'வளைகாப்பு சீர் அகமதாபாத்' என்று தேடிச் சிலர் வந்திருந்தார்கள். அதைப் பற்றித் தளத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படியும் பதினான்காம் இடத்தில் காட்டியிருந்தது. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் தத்தளிக்கிற வார்த்தைகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கூகுள் பாதி நம்பிவிட்டது, மீதியை நாம் நிரூபிக்க வேண்டும்.

2. அதே வார்த்தையைத் தேடி, முதலில் வரும் பெரிய கடையின் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தோம். விலை இருந்தது, படம் இருந்தது. வளைகாப்புக்கு எத்தனை சுற்று வைப்பது, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், உடையாமல் தட்டில் எப்படி அடுக்கிக் கொண்டுவருவார்கள் என்று எதுவும் இல்லை. அவர்களால் எழுதவும் முடியாது. குடோனிலிருந்து பெட்டியில் வருகிற சரக்குக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

3. அதை அக்கா சொல்லச் சொல்ல எழுதினோம். ஒரே ஒரு பக்கம். ஒற்றைப்படையில் ஏன் சுற்றுகிறோம், பருப்புத் தேங்காய்க் கூட்டுக்கு என்ன அளவு, அகமதாபாத் மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துப்போகாமல் எப்படி வைப்பது, எந்த ஏரியாவுக்கெல்லாம் நேரில் கொண்டு தருவோம், என்ன விலை. படமும் அவர் வீட்டில், அவர் கையில் சுற்றும்போது எடுத்தது. தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடுகிறவர்களுக்கான கையேட்டில் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்ற சொல்லைக் கூகுள் சேர்த்தது. எப்படிப்பட்ட பக்கத்தை நல்ல பக்கம் என்று நினைக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு அடையாளம். அக்காவிடம் கொட்டிக் கிடப்பது அந்த ஒன்றுதான்.

4. கூகுள் பிசினஸ் புரொஃபைலை ஒழுங்காக நிரப்பினோம். இதுவும் இலவசம். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, சேவை தருகிற ஏரியாவை மட்டும் காட்டலாம். பக்கத்தில் எது இருக்கிறது என்கிற தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் என்று மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. பிரபலத்தில் பெரிய கடையை நாம் தொட முடியாது. ஆனால் மணிநகரில் இருப்பவருக்கு மணிநகர்தான் பக்கம். எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தத் தூரத்தை அவர்களால் வாங்க முடியாது.

5. ஐந்நூறு இணைப்புக்குப் பதில் நான்கு. அக்கா பட்சணம் செய்து கொடுத்த ஒரு கல்யாண கேட்டரிங்காரர், ஒரு போட்டோகிராபர், ஒரு சங்கத்தின் விழாப் பக்கம், ஒரு கோவில் நவராத்திரி நிகழ்ச்சிப் பக்கம். எல்லோரும் சாப்பிட்டவர்கள். அறிந்தவர்கள் போட்ட அறிமுகக் கையெழுத்து.

6. ரிவ்யூவுக்கு ஒரே விதி. வாங்கியவரிடம் மட்டும் கேட்பது, தள்ளுபடி தருகிறேன் என்று கேட்காமல் இருப்பது. ஒருவர் மூன்று நட்சத்திரம் போட்டு 'உப்பு அதிகம்' என்று எழுதினார். அக்கா பதில் எழுதினார்: 'ஆமாம், அன்றைக்குக் கூடிவிட்டது, அடுத்த முறை பாருங்கள்.' பதினோரு பொய் நட்சத்திரத்தைவிட அந்த ஒரு வரி அதிக வியாபாரம் கொண்டுவந்தது என்பது என் கட்சி.

7. ஒவ்வொரு படமும் ஆறு எம்.பி. இருந்தது. சுருக்கினோம். போனில் பக்கம் திறக்கிற நேரம் பாதியாகக் குறைந்தது. நம் ஜனங்கள் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில்தான் பார்க்கிறார்கள்.

என்ன ஆச்சு?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'முறுக்கு ஆன்லைன்' என்று தேடினால் அக்கா இன்றைக்கும் முதல் மூன்று பக்கத்தில் இல்லை. பெரிய கடை அங்கேயே ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. உட்காரட்டும்.

ஆறு மாதம் கழித்து, 'வளைகாப்பு சீர் அகமதாபாத்' என்று தேடினால் அக்கா மேலே, பெரிய கடை கீழே. பொறுமை இல்லாதவர்கள் கவனிக்க: மாற்றம் செய்து பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும் என்று கூகுள் ஊழியர் ஒருவரே 2017இல் ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார். மூன்று மாத கேரண்டிக்காரர்கள் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. விளம்பரம் கொடுத்தால் நாளைக்கே மேலே வரலாம், அதில் தப்பும் இல்லை. ஆனால் காசு நின்ற நிமிஷம் விளம்பரமும் நிற்கும். இது ஆர்.டி. மாதிரி, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால்தான் முதிர்வு.

ஆவணியில் நான்கு சீர் ஆர்டர் வந்தது. வடோதராவிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து வாங்கிப் போனது. சீர் ஆர்டரில் நிற்கிற காசு சாதாரண ஆர்டரைவிடப் பல மடங்கு. கையும் தாங்குகிறது.

நேர்மையாக இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று உபதேசம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். குப்பைத் தளங்கள் மாதக்கணக்கில் மேலே இருப்பதை நானும்தான் பார்க்கிறேன். இந்தியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து பல தேடல்களுக்கு ஏ.ஐ. சுருக்கமே தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கீழே முதலில் இருந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான். நாளைக்குக் கூகுள் ஒரு விதியை மாற்றினால் அக்காவின் பக்கமும் இறங்கலாம். அப்படி இறங்கினாலும் வாசலில் ஜப்தி நோட்டீஸ் இருக்காது. அடகு வைக்காத நகை பீரோவிலேயே இருக்கும். எழுதிய பக்கமும் அவருடையதாகவே இருக்கும்.

ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வீட்டுப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த பவுன்தான் நம்மில் பல குடும்பங்களுக்கு இருக்கிற ஒரே காப்பீடு. ரிடையரானவர்களுக்கு பி.எஃப். பணம். இது இரண்டையும் குறிவைத்துத்தான் 'முதல் பக்கம் கேரண்டி' வருகிறது. பெரியவனை எங்கே முந்த வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அவனுக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு கேள்வி நிச்சயம் இருக்கும். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதுங்கள். அதற்குக் கடன் வேண்டாம். என்ன நான் சொல்றது?

பி.கு.: அக்கா போன மாதம் மறுபடி பேங்குக்கு வந்தார். இரண்டாவது அடுப்பும் பெரிய வாணலியும் வாங்க நாற்பதாயிரம் வேண்டுமாம். முத்ராவில் போட்டுக் கொடுத்தேன். நகை கேட்கவில்லை. மேனேஜர், "இதை மார்ச்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றார். சில பேரைத் திருத்தவே முடியாது :-)